மார்பில் பலத்த அடி: இதயக் காயத்தை ஸ்கேனில் கண்டறிவது எப்படி? முழுமையான வழிகாட்டி

மார்பெலும்பு உடைந்து வந்தவரின் இதயத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். தோலில் வெறும் சிராய்ப்போடு வந்தவருக்கு உள்ளே வலது மேலறை கிழிந்து, இதய உறைக்குள் ரத்தம் சேர்ந்துகொண்டிருக்கலாம். வாகன மோதல், உயரத்திலிருந்து விழுதல், கனமான பொருளின் கீழ் நசுங்குதல், வெடிப்பின் அதிர்வு எனக் காரணம் எதுவானாலும் வெளிக்காயத்தை வைத்து இதயத்தை எடைபோட முடியாது. அதனால்தான் ஸ்கேன்களை இவ்வளவு நம்பியிருக்கிறோம்.

ஆனால் "எந்த ஸ்கேன் எடுக்கலாம்?" என்று தொடங்கினால் தடுமாற்றம்தான் மிஞ்சும். முதலில் கேள்வி தெளிவாக வேண்டும். ஸ்கேன் அதற்குப் பிறகு. ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருப்பவரைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி வேறு, நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பவரைப் பற்றிக் கேட்க வேண்டியது வேறு. அந்த வரிசையில்தான் இந்த வழிகாட்டி போகிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவர்களையும், கதிரியக்கமும் எக்கோவும் (இதய அல்ட்ராசவுண்ட்) கற்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். மற்றவர்கள் இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும்: மார்பில் அடிபட்ட பிறகு படபடப்போ, மூச்சுத்திணறலோ, மயக்கமோ, விடாத நெஞ்சுவலியோ வந்தால் வெளியே காயம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எங்கே அடிபடும், ஏன் அங்கே?

ஸ்கேனில் எதைத் தேடுவது என்று தெரிய, இதயம் எப்படிக் காயப்படுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வலது கீழறை மார்பெலும்புக்கு நேர் பின்னால் இருக்கிறது. அதன் சுவரும் மெல்லியது. முன்னாலிருந்து வரும் அடியை முதலில் வாங்குவது அதுதான். மார்பு நசுங்கும்போது மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே இதயம் சிக்கிக்கொள்கிறது. வேகமாகப் போன உடல் சட்டென்று நிற்கும்போது, பெரிய ரத்தக் குழாய்களில் தொங்கும் இதயம் மணியின் நாக்கைப் போல முன்னே வீசப்படுகிறது; பெருஞ்சிரைகள் மேலறையோடு சேரும் இடம் அப்போது கிழியலாம். வயிறு அழுந்தும்போதோ, கீழ்ப்பெருஞ்சிரை வழியாக ரத்தம் மேல்நோக்கித் தள்ளப்பட்டு வலது மேலறையின் அழுத்தம் ஒரே கணத்தில் எகிறுகிறது. மார்பில் அடியே படாமல் வயிற்றில் மட்டும் அடிபட்டவருக்கும் இதயம் கிழிய இதனால் வாய்ப்பு உண்டு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடி விழுந்த கணத்தில் இதயம் துடிப்பின் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதும் முக்கியம். கீழறை நிறைந்து, எல்லா வால்வுகளும் மூடியிருக்கும் நேரத்தில் அடிபட்டால் அழுத்தம் வெளியேற வழியில்லை. ஈரிதழ் வால்வும், மூவிதழ் வால்வும், இடைச்சுவரும் கிழிவது அப்போதுதான். இசிஜியில் டி அலை உச்சியைத் தொடுவதற்குச் சில பத்து மில்லி விநாடிகளுக்கு முன் அடி விழுந்தால், திசுவில் எந்தச் சேதமும் இல்லாமலே கீழறை நடுக்கம் வந்து இதயம் நின்றுவிடலாம். விளையாட்டுத் திடலில் பந்து மார்பில் பட்டுச் சிறுவர்கள் சுருண்டு விழுவது இப்படித்தான். அங்கே தேவை உடனடியாக மார்பழுத்தமும் மின்னதிர்ச்சியும். ஸ்கேன் எதையும் காட்டாது.

ஆக நாம் தேடும் பட்டியல் இது: இதயத் தசைக் கன்றல் (அடியால் தசை நைதல்), அறைச்சுவர்க் கிழிசல், இதய உறைக் கிழிசல், உறைக்குள் ரத்தம், வால்வுக் கிழிசல், இடைச்சுவரில் துளை, இதயத்துக்கே ரத்தம் தரும் கரோனரி தமனியில் கிழிசல் அல்லது அடைப்பு. இவற்றோடு எப்போதும் சேர்த்துப் பார்க்க வேண்டியது பெருந்தமனி.

படி 1: நோயாளி நிலையாக இருக்கிறாரா?

ரத்த அழுத்தம் குறைந்து, நாடி வேகமாக ஓடினால் சிடி அறைக்கு அனுப்பும் எண்ணத்தைத் தள்ளிவையுங்கள். அந்த நிலையில் மார்பு சார்ந்து உயிரைப் பறிக்கக்கூடியவை முதன்மையாக மூன்று: மார்புக்கூட்டில் அழுத்தத்தோடு தேங்கும் காற்று, மார்புக்கூட்டில் பெருமளவு ரத்தம், இதய உறைக்குள் ரத்தம் சேர்ந்து இதயத்தை அழுத்தும் டாம்பனாட். முதலாவதைக் கண்ணாலும் காதாலும் கண்டுபிடித்து உடனே காற்றை வெளியேற்ற வேண்டும். படம் எடுத்து உறுதிசெய்யக் காத்திருக்கக் கூடாது. மற்ற இரண்டுக்கும் படுக்கையருகே எடுக்கும் அவசர அல்ட்ராசவுண்டான ஃபாஸ்ட் ஸ்கேன் போதும்.

படி 2: ஃபாஸ்ட் ஸ்கேனில் இதயத்தைப் பார்ப்பது

ப்ரோப்பை மார்பெலும்பின் கீழ் நுனிக்குக் கீழே, வயிற்றில் கிட்டத்தட்டப் படுக்கையாக வைத்து, இடது தோளை நோக்கித் திருப்புங்கள். கல்லீரலை ஜன்னலாகப் பயன்படுத்தினால் இதயம் தெளிவாகத் தெரியும். வயிறு இறுகியிருந்தாலோ உடல் பருமனாக இருந்தாலோ இந்தக் கோணம் கிடைக்காது. அப்போது மார்பெலும்பின் இடது ஓரத்துக்கு மாறுங்கள். ஒரே கோணத்தோடு போராடி நிமிடங்களை வீணாக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

இங்கே கேள்வி ஒன்றே ஒன்று: இதயத்தைச் சுற்றிக் கருப்பு வளையம் தெரிகிறதா? இயல்பாகவே இதய உறைக்குள் 15 முதல் 50 மில்லி வரை திரவம் இருக்கும். நோயால் மெல்ல மெல்லச் சேரும் திரவம் ஒரு லிட்டரைத் தாண்டியும் இதயம் தாங்கிக்கொள்ளும். காயத்தில் அப்படியில்லை. உறை விரிவதற்கு அவகாசமே இல்லாததால் 100 முதல் 200 மில்லி ரத்தம் சட்டென்று சேர்ந்தாலே உயிருக்கு ஆபத்து. அதனால் "கொஞ்சம்தானே இருக்கிறது" என்று யாராவது சொன்னால், அளவை விட்டுவிட்டு அறைகள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். வலது மேலறை கீழறைச் சுருக்கத்தின்போது உள்ளே மடிகிறதா? வலது கீழறை விரிய வேண்டிய நேரத்தில் குழிகிறதா? கீழ்ப்பெருஞ்சிரை 2.1 செ.மீ.க்கு மேல் வீங்கி, மூச்சிழுக்கும்போது பாதிகூடச் சுருங்காமல் நிற்கிறதா? இவை டாம்பனாடின் அடையாளங்கள். ஒரு எச்சரிக்கை: வேறெங்கோ நிறைய ரத்தம் இழந்தவருக்கு டாம்பனாட் இருந்தாலும் கீழ்ப்பெருஞ்சிரை வீங்காது. அது ஒல்லியாக இருப்பதை வைத்து டாம்பனாட் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

ஏமாற்றும் தோற்றங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரு பக்கமும் தவறு நடப்பது இங்கேதான்.

இதயத்தின் முன்புறம் இருக்கும் கொழுப்பு, திரவத்தைப் போலத் தெரியும். கொழுப்பில் மெல்லிய புள்ளிகள் இருக்கும், இதயத்தோடு சேர்ந்து அசையும், பெரும்பாலும் முன்னால் மட்டும் இருக்கும். படுத்திருப்பவருக்குத் திரவமோ முதலில் பின்னால் தேங்கும். முன்னால் மட்டும் கருப்பு தெரிந்தால் கொழுப்பைச் சந்தேகியுங்கள்.

இடது மார்புக்கூட்டில் தேங்கிய ரத்தமும் இதயத்துக்குப் பின்னால் கருப்பாகத் தெரியும். மார்பெலும்பின் இடது ஓரத்து நெடுக்குக் கோணத்தில் இறங்கு பெருந்தமனியைத் தேடுங்கள். இதய உறைத் திரவம் அந்தத் தமனிக்கு முன்னால் நின்றுவிடும். மார்புக்கூட்டுத் திரவம் அதற்குப் பின்னால் போகும்.

உறைந்த ரத்தம் கருப்பாகவே இருக்காது. தசையின் நிறத்திலேயே சாம்பலாகத் தெரிவதால் கண் அதைக் கடந்துபோய்விடும். கருப்பு வளையம் இல்லாமலே வலது கீழறை நசுங்கித் தெரிந்தால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது இது: இதயமும் உறையும் சேர்ந்து கிழிந்திருந்தால் ரத்தம் உறைக்குள் தங்காமல் இடது மார்புக்கூட்டுக்குள் வடிந்துவிடும். ஃபாஸ்ட் ஸ்கேன் சுத்தமாக இருக்கும். இடது பக்கக் குழாயில் ரத்தம் நிற்காமல் வரும். அந்த நோயாளிக்கு இதயம் நன்றாக இருக்கிறது என்று ஸ்கேனைக் காட்டிச் சொல்வது பெரும் பிழை.

ஃபாஸ்ட் ஸ்கேனில் ரத்தமும் தெரிந்து, ரத்த அழுத்தமும் விழுந்தால் அடுத்த இடம் அறுவை அரங்கம். உறைக்குள் பெரும்பாலும் ரத்தம் கட்டியாக உறைந்திருப்பதால் ஊசியால் முழுமையாக எடுக்க முடியாது. ஊசி கொஞ்சம் நேரம் வாங்கித் தரலாம், அவ்வளவே. இன்னொன்றையும் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: டாம்பனாட் உள்ளவருக்குச் செயற்கை சுவாசம் தொடங்கியதும் மார்புக்குள் அழுத்தம் கூடி ரத்த அழுத்தம் சரிந்துவிடலாம்.

படி 3: நிலையாக இருந்தால், இசிஜியும் ட்ரோபோனினும்

இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் புரதம் ட்ரோபோனின். இதுவும் இசிஜியும் ஸ்கேன் இல்லைதான். ஆனால் யாருக்கு ஸ்கேன் வேண்டும் என்று இவைதான் தீர்மானிக்கின்றன. காய அறுவை சிகிச்சைக்கான அமெரிக்க அமைப்பான ஈஸ்ட் 2012இல் வெளியிட்ட நெறிமுறை இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. சந்தேகம் உள்ள ஒவ்வொருவருக்கும் இசிஜி எடுக்க வேண்டும். இசிஜி, ட்ரோபோனின் ஐ இரண்டும் இயல்பாக இருந்தால் குறிப்பிடத்தக்க இதயக் காயம் இல்லை என்று சொல்லிவிடலாம். இசிஜியில் புதிய மாற்றம் இருந்தால் அனுமதித்துத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். ரத்த அழுத்தம் நிலைகொள்ளாவிட்டாலோ, புதிய துடிப்புக் கோளாறு நீடித்தாலோ எக்கோ எடுக்க வேண்டும். மார்பெலும்பு முறிவு மட்டும் இருப்பது இதயக் காயத்துக்குச் சான்றாகாது என்பதையும் அதே நெறிமுறை சொல்கிறது.

சைனஸ் வேகத்துடிப்பு, வலது கிளைத் தடை, முந்திவரும் கீழறைத் துடிப்புகள், மேலறை நடுக்கம், எஸ்டி மாற்றம் ஆகியவற்றை இசிஜியில் எதிர்பார்க்கலாம். விபத்து நடந்த உடனே எடுத்த ட்ரோபோனின் இயல்பாக இருந்தால் 4 முதல் 6 மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பது நல்ல பழக்கம்.

எல்லாருக்கும் எக்கோ எடுத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நிலையாக, இசிஜியும் ட்ரோபோனினும் இயல்பாக உள்ளவருக்கு எக்கோ எடுத்தால் சிகிச்சை மாறுவதில்லை. தேவையானவருக்குக் கிடைக்க வேண்டிய நேரம்தான் போகும்.

படி 4: மார்பு எக்ஸ்ரே

இதற்கு அதிகம் எதிர்பார்ப்பு வைக்காதீர்கள். படுக்கையில் முன்னாலிருந்து எடுக்கும் படத்தில் இதயம் இயல்பைவிடப் பெரிதாகத் தெரியும். திடீர் டாம்பனாடிலோ இதயத்தின் அளவு மாறாமலே இருக்கும். எக்ஸ்ரே உதவுவது சுற்றியிருப்பவற்றுக்கு: விலா முறிவுகள், காற்று, ரத்தம், அகன்ற நடுமார்பு. இதயத்தைச் சுற்றிக் காற்று வளையம் தெரிந்தாலோ, இதயம் காரணமில்லாமல் இடதுபுறம் ஒதுங்கி நின்றாலோ உறை கிழிந்திருக்கலாம். குழந்தைகளின் விலா எலும்புகள் வளைந்து கொடுப்பவை. ஒரு முறிவும் இல்லாத படம் அவர்கள் விஷயத்தில் நிம்மதி தராது.

படி 5: சிடி ஸ்கேன்

பலத்த விபத்தில் சிக்கி, நிலையாக இருப்பவருக்கு மார்பு சிடி எப்படியும் எடுக்கப்படும். அந்தப் படங்கள் பெருந்தமனிக்காகவும் நுரையீரலுக்காகவும் படிக்கப்படுகின்றன. இதயத்தின் மேல் கண் மேலோட்டமாக ஓடிப்போய்விடுகிறது. அங்கே நின்று பார்க்கும் வழக்கத்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழ்க்கண்ட வரிசை எனக்கு வசதியானது.

*உறைக்குள் திரவம்.* அடர்த்தியை அளவிடுங்கள். 0 முதல் 20 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு என்றால் சாதாரண திரவம். 30க்கு மேல் ரத்தம். 45 முதல் 70 என்றால் உறைந்த ரத்தம். ரத்தசோகை உள்ளவருக்கும், நிறைய சலைன் ஏற்றப்பட்டவருக்கும் இந்த எண்கள் இறங்கித் தெரியும். பெருந்தமனியின் வேர்ப்பகுதியை ஒட்டியுள்ள உறையின் பைகளில் இயல்பாகவே கொஞ்சம் திரவம் இருக்கும். அதை ரத்தக்கட்டு என்றோ பெருந்தமனிக் கிழிசல் என்றோ படிப்பது வழக்கமான தவறு. நீரின் அடர்த்தியும், வழுவழுப்பான பிறைவடிவமும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

*அழுத்தத்தின் அடையாளங்கள்.* இதயத்தின் முன்முகம் தட்டையாகியிருக்கிறதா? இரு பெருஞ்சிரைகளும் வீங்கியிருக்கின்றனவா? ரத்த ஓட்டம் படத்தில் பளிச்சென்று தெரியச் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்து கீழ்ப்பெருஞ்சிரைக்கும் கல்லீரல் சிரைகளுக்கும் திரும்பி வழிகிறதா? கல்லீரலுக்குள் போர்ட்டல் சிரையைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா? வயிற்று ஸ்லைஸ்களில் தெரியும் இவை பெரும்பாலும் கல்லீரலைப் பற்றிய குறிப்பாகவே எழுதப்பட்டுவிடுகின்றன. காரணம் மேலே இதயத்தில் இருக்கலாம். மருந்தை வேகமாகச் செலுத்தினாலும் கொஞ்சம் திரும்பி வழியும் என்பதால் ஒரு அடையாளத்தை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் சேர்த்துப் பாருங்கள்.

*இதயம் இருக்கும் இடம்.* உறையின் இடதுபுறக் கிழிசல்தான் அதிகம். கிழிசல் பெரிதாக இருந்தால் இதயம் அதன் வழியாக மார்புக்கூட்டுக்குள் பிதுங்கி, கிழிசலின் விளிம்பு இடுப்புக்கட்டு இறுக்குவதைப் போல அதை நெரிக்கும். சிடியில் இதயத்தின் வெளிக்கோட்டில் ஓர் ஒடுக்கமும், இதயம் விட்டுப்போன இடத்தில் காற்று நிறைந்த வெற்று உறையும் தெரியும். நோயாளியை ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் ரத்த அழுத்தம் விழுகிறது என்று செவிலியர் சொன்னால் அந்தத் தகவல் பொன்னானது. படத்தை மறுபடி திறந்து உறையைத் தேடுங்கள்.

*தசைச்சுவர்.* கன்றிய இடம் மற்ற இடங்களைவிடக் கான்ட்ராஸ்ட் குறைவாக ஏற்றுக் கருமையாகத் தெரியலாம். கீழறைச் சுவரிலிருந்து பை போன்ற புடைப்பு, குறுகிய கழுத்தோடு இருந்தால் அது போலி வீக்கம்: சுவர் கிழிந்து, உறை மட்டும் ரத்தத்தைத் தாங்கிப்பிடித்திருக்கிறது. உறைக்குள் கான்ட்ராஸ்ட் கசிந்து, இரண்டாம் கட்டப் படத்தில் அது பரவியிருந்தால் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அறிக்கை டைப் ஆகும்வரை காத்திருக்காமல் தொலைபேசியை எடுங்கள்.

*மார்பெலும்பும் அதன் பின்புறமும்.* பக்கவாட்டு மறுவடிவப் படத்தில் மார்பெலும்பைப் பாருங்கள். குறுக்கு ஸ்லைஸ்களில் படுக்கைவாட்டு முறிவு மறைந்துவிடும். பின்னால் பெரிய ரத்தக்கட்டு இருந்தால், உறை சுத்தமாக இருந்தும் வலது கீழறையை அது வெளியிலிருந்தே அழுத்தும்.

இனி, துடிப்பால் வரும் மங்கல். சாதாரண சிடியில் இதயத் துடிப்பு பெருந்தமனியின் வேர்ப்பகுதியில் போலிக் கிழிசலை உண்டாக்கும். ஒன்றிரண்டு ஸ்லைஸ்களில் மட்டும் வளைந்த நிழலாகத் தெரிந்து மறையும். இசிஜியோடு ஒத்திசைத்து எடுத்தால் இந்தக் குழப்பம் தீர்வதோடு கரோனரி தமனிகளும் வால்வுகளும் சுவர்களும் கூர்மையாகத் தெரியும். சந்தேகம் இதயத்தின் மேலோ பெருந்தமனி வேரின் மேலோ இருந்தால் அப்படியே எடுக்கச் சொல்லுங்கள். வழக்கமான இதய சிடிக்குத் துடிப்பைக் குறைக்கப் பீட்டா தடுப்பு மருந்தும், கரோனரியை விரிக்க நைட்ரோகிளிசரினும் கொடுப்பார்கள். ரத்தம் இழந்தவரின் வேகத்துடிப்புதான் அவரது ரத்த அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. படத்தின் அழகுக்காக அதைக் குறைக்கக் கூடாது. கொஞ்சம் மங்கலான படமே போதும்.

படி 6: எக்கோ

சிடி உருவத்தைக் காட்டும். இதயம் எப்படி வேலை செய்கிறது என்பதை எக்கோதான் படுக்கையருகிலேயே காட்டும். ஃபாஸ்ட் ஸ்கேனை எக்கோ என்று எண்ணிவிடக் கூடாது. முன்னது ஒரே கேள்விக்கான விடை. இங்கே ஒவ்வொரு சுவரையும் ஒவ்வொரு வால்வையும் பார்க்க வேண்டும்.

வலது கீழறையிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் பழக்கத்தால் கண் இடது பக்கம்தான் முதலில் போகும். நான்கறைக் கோணத்தில் அது இடது கீழறைக்குச் சமமாகத் தெரிந்தால் விரிந்திருக்கிறது. அடிப்பகுதி அகலம் 41 மி.மீ.க்கு மேல் போவதும், மூவிதழ் வால்வு வளையத்தின் அசைவு 17 மி.மீ.க்குக் கீழ் இறங்குவதும் முறையே அது விரிந்ததற்கும் அதன் வேலை குறைந்ததற்குமான அளவுகள். ஆனால் நுரையீரல் கன்றியிருந்தாலும், செயற்கை சுவாசத்தின் அழுத்தம் அதிகமாக இருந்தாலும், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருந்தாலும் வலது கீழறை விரியும். முன்சுவரில் ஒரு பகுதி மட்டும் அசையாமல் நின்று மற்றவை நன்றாக அசைந்தால் கன்றல் பக்கம் சாயலாம். முழு அறையும் களைத்துத் தெரிந்தால் நுரையீரலையும் விசாரியுங்கள்.

இடது கீழறையில் அசைவு குறைந்த இடத்தைப் பார்த்தால், அது ஒரு கரோனரி தமனியின் எல்லைக்குள் அடங்குகிறதா என்று கேளுங்கள். அடங்கவில்லை என்றால் கன்றல். அடங்கினால் தமனிக் காயமோ, விபத்துக்கு முன்பே வந்த மாரடைப்போ இருக்கலாம். ஓட்டும்போது மாரடைப்பு வந்து அதனாலேயே மோதியவர்களும் உண்டு. அசையாத சுவர் மெலிந்து, வெளிறிப் பளிச்சென்று தெரிந்தால் அது பழைய தழும்பு. நுனிப்பகுதி மொத்தமும் பலூனாக உப்பி, அடிப்பகுதி மட்டும் வலுவாகச் சுருங்கினால், கடும் மன அல்லது உடல் அதிர்ச்சியால் வரும் தற்காலிக இதயத் தளர்ச்சியான டகொட்சுபோவையும் எண்ணிப்பாருங்கள்.

ரத்த ஓட்டத்துக்கு நிறமிட்டுக் காட்டும் டாப்ளரோடு வால்வுகளைப் பாருங்கள். மூவிதழ் வால்வில் இதழ்களை இழுத்துப் பிடிக்கும் நாண்களோ, அவை தொடங்கும் பாப்பிலரி தசையோ அறுந்து, இதழ் வலது மேலறைக்குள் துள்ளுவது தெரியும். ஈரிதழ் வால்வு திடீரெனக் கிழிந்தால் நடப்பது கண்ணை ஏமாற்றும். இடது மேலறை விரிய நேரமில்லாததால் இயல்பான அளவிலேயே இருக்கும். அழுத்தம் சட்டென்று சமமாகிவிடுவதால் கசிவைக் காட்டும் நிறப்பட்டையும் சிறிதாகத் தெரியும். நுரையீரல் நீரில் மூழ்கிக்கொண்டிருக்க, எக்கோ அறிக்கையில் "லேசான கசிவு" என்று இருந்தால் அந்த வரியை நம்பாதீர்கள். பெரிதான இடது மேலறையும், தடித்த இதழ்களும் தெரிந்தால் கசிவு பழையது.

இடைச்சுவரில் துளை பெரும்பாலும் நுனியை ஒட்டிய தசைப்பகுதியில் வரும். அந்த இடத்தை டாப்ளரோடு தனியாகத் துழாவாமல் கடந்துவிட்டால் தவறவிடுவீர்கள். முதல் நாள் இல்லாத துளை, கன்றிய தசை நைந்து சில நாள் கழித்துத் திறப்பதும் உண்டு.

விலா முறிவு, கட்டு, குழாய்கள், தோலுக்கடியில் புகுந்த காற்று எல்லாம் சேர்ந்து பலருக்கு நல்ல கோணமே கிடைக்காது. "பார்த்த அளவில் இயல்பு" என்று எழுதுவதைவிட "வலது கீழறை தெரியவில்லை" என்று எழுதுவது ஆயிரம் மடங்கு நேர்மையானது, பயனுள்ளதும்கூட. அடுத்த கட்டமாக உணவுக்குழாய் வழி எக்கோ இருக்கிறது. வால்வுகளையும் பெருந்தமனியையும் அது மிகத் தெளிவாகக் காட்டும். ஏறு பெருந்தமனியின் மேல்பகுதியை மட்டும் மூச்சுக்குழாய் மறைத்துவிடும். கழுத்து முள்ளெலும்பில் காயம் இல்லை என்று உறுதியாகாதவருக்கும், உணவுக்குழாய்க் காயம் சந்தேகிக்கப்படுபவருக்கும் அந்தக் குழாயை உள்ளே விடக் கூடாது.

படி 7: கன்றலா, மாரடைப்பா?

ட்ரோபோனின் ஏறியிருக்கிறது, எஸ்டி உயர்ந்திருக்கிறது, ஒரு சுவர் அசையவில்லை. இங்கே தவறான முடிவுக்கு விலை அதிகம். கரோனரி கிழிந்திருந்தால் அதைத் திறக்க வேண்டும். ஆனால் அதற்கான ரத்த உறைவுத் தடுப்பு மருந்துகள், மண்ணீரலோ மூளையோ காயப்பட்டவரைக் கொன்றுவிடக்கூடும். அடியால் அதிகம் பாதிக்கப்படுவது இடது முன் இறங்கு தமனி, அடுத்து வலது கரோனரி. எஸ்டி உயர்வு ஒரு தமனியின் எல்லையோடு பொருந்தி, அந்தச் சுவரும் அசையாவிட்டால் கரோனரி ஆஞ்சியோகிராமுக்குத் தாமதிக்கக் கூடாது. இதய நிபுணர், அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர் மூவரும் ஒரே இடத்தில் நின்று பேசி முடிவெடுக்க வேண்டிய தருணம் இது. சந்தேகம் குறைவாக, நோயாளி நிலையாக இருந்தால் இசிஜி ஒத்திசைவுள்ள கரோனரி சிடி போதும்.

கரோனரிகள் சுத்தமாக இருந்தால் எம்ஆர்ஐ பதில் சொல்லும். வீடியோ போன்ற சினி படங்களில் அசைவு, டி2 வகைப் படங்களில் நீர்க்கோவை, கடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தி 10 முதல் 15 நிமிடம் கழித்து எடுக்கும் படங்களில் சேதத்தின் வடிவம் என மூன்றும் கிடைக்கும். மாரடைப்பின் தழும்பு எப்போதும் உட்புற அடுக்கிலிருந்து தொடங்கி வெளியே பரவும், தமனியின் எல்லையை மதிக்கும். கன்றலின் வெளிச்சம் நடு அடுக்கிலோ வெளி அடுக்கிலோ திட்டுத்திட்டாக, அடி விழுந்த திசையை ஒட்டி நிற்கும். நீர்க்கோவை இருந்தால் சேதம் புதியது என்று தெரியும். அதற்குப் படத்தை முதல் சில வாரங்களுக்குள் எடுத்தாக வேண்டும். நிலையற்றவரையும், வெளியே உலோகச் சட்டம் பொருத்தியவரையும் சரிபார்க்காமல் அந்த அறைக்குள் அனுப்பக் கூடாது. சிறுநீரகம் மிகவும் பழுதானவருக்கு எந்தக் கடோலினியம் மருந்து என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அணு மருத்துவ ஸ்கேன் எக்கோவுக்கு மேல் பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை.

படி 8: அறிக்கை

"இதயக் கன்றல் இருக்கலாம்" என்ற ஒற்றை வரி யாருக்கும் உதவாது. உறைக்குள் திரவம் எவ்வளவு, அடர்த்தி என்ன, அறைகள் அழுந்தியிருக்கின்றனவா, எந்தச் சுவர் எப்படி அசைகிறது, ஒவ்வொரு வால்வும் எப்படி, இடைச்சுவர் முழுதாக இருக்கிறதா, பெருந்தமனி எப்படி, எது தெரியவில்லை, படம் எடுக்கும்போது ரத்த அழுத்தம் எவ்வளவு, இதய மருந்துகள் ஓடினவா என எழுதுங்கள். கடைசி இரண்டும் பலரும் விட்டுவிடுபவை. அட்ரினலின் ஓடும்போது நன்றாகச் சுருங்கிய இதயத்தை, மருந்து நின்ற பிறகு எடுத்த படத்தோடு ஒப்பிட முடியாது.

படி 9: மறுபடி பாருங்கள்

இதயக் காயம் முதல் நாளோடு முடிவதில்லை. இசிஜியிலோ ட்ரோபோனினிலோ மாற்றம் உள்ளவரை 24 முதல் 48 மணி நேரம் தொடர் இசிஜி கண்காணிப்பில் வையுங்கள். அதற்குள் இதய ஒலியில் புதிய முணுமுணுப்பு, விளங்காத ரத்த அழுத்தச் சரிவு, கூடும் மூச்சுத்திணறல் எது வந்தாலும் நேற்றைய எக்கோவை எடுத்துக் காட்டாமல் புதிதாக எடுங்கள். உறைக்குள் ரத்தம் நாட்கள் கழித்தும் சேரலாம்.

தசைக் கன்றல் உறுதியானவருக்கு வீடு திரும்பிய பிறகும் சில வாரங்களிலும், மறுபடி சில மாதங்களிலும் எக்கோ தேவை. தேடுவது இவற்றை: அசைவு திரும்பியதா, சுவர் மெலிந்து புடைக்கிறதா, போலி வீக்கம் உருவாகிறதா, உறை தடித்து இதயத்தை இறுக்குகிறதா. மூவிதழ் வால்வுக் கிழிசலை உடல் வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும். கால் வீக்கமும் களைப்புமாக வருபவரின் எக்கோவில் நாணறுந்த மூவிதழ் வால்வு தெரிந்தால், என்றைக்காவது மார்பில் பலமாக அடிபட்டதா என்று கேளுங்கள்.